‘நாட் ஒன்லி’யை எங்கே வைப்பது?

ஆங்கில இலக்கணத் தேர்வு எழுதும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஜோடி இணைப்புச் சொற்களைப் பற்றியவை. அதாவது போத் – அண்ட், ஐதர் – ஆர், நைதர் – நார், நாட் ஒன்லி – பட் ஆல்சோ. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருவது என் பழக்கம். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கும். அதனால் கண் தாண்டி ஓடிவிடாது.

கேள்வி: ‘ஹி நாட் ஒன்லி வன் த மேட்ச் பட் ஆல்சோ த ரெஸ்பெக்ட் ஆஃப் ஹிஸ் ரைவல்ஸ்.’ மாதிரித் தேர்வில் இதைச் சரி என்று குறித்தேன். தவறு என்று போட்டுவிட்டார்கள். அர்த்தம் நன்றாகத்தானே புரிகிறது?

புரிகிறது. பேச்சில் சொன்னால் யாரும் உங்களைத் திருத்தப் போவதில்லை. ஆனால் தேர்வுத்தாள் போடுகிறவர் பார்ப்பது அர்த்தத்தை அல்ல, ஜோடியின் இரண்டு சொற்களுக்கும் பின்னால் ஒரே இனம் நிற்கிறதா என்பதை. ‘நாட் ஒன்லி’யை அடுத்து விரலை வையுங்கள்: ‘வன்’, வினைச்சொல். ‘பட் ஆல்சோ’வை அடுத்து வையுங்கள்: ‘த ரெஸ்பெக்ட்’, பெயர்ச்சொல். அங்கேதான் மார்க் போனது.

சரிசெய்யப் புதிதாக ஒரு சொல்கூட வேண்டாம். ‘வன்’னை எடுத்து ‘நாட் ஒன்லி’க்கு முன்னால் போடுங்கள்: ‘ஹி வன் நாட் ஒன்லி த மேட்ச் பட் ஆல்சோ த ரெஸ்பெக்ட் ஆஃப் ஹிஸ் ரைவல்ஸ்.’ இப்போது இரண்டு பக்கமும் பெயர். இல்லாவிட்டால் ‘வன்’னை அங்கேயே விட்டு, பின்பக்கத்துக்கும் ஒரு வினை கொடுங்கள்: ‘பட் ஆல்சோ எர்ண்ட் த ரெஸ்பெக்ட்.’ இரண்டும் செல்லும்.

இந்தத் தவறு நம் கண்ணில் சட்டென்று படாததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். தமிழில் இந்த வேலையைச் செய்வது ‘உம்’. நன்னூல் சொல்லும் எட்டு வகை உம்மைகளில் எண்ணும்மை என்று படித்தோமே, அதுதான். அது சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ‘ஆட்டத்தையும் மதிப்பையும் வென்றான்’ என்பதில் ‘உம்’மைப் பிய்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது. ஆங்கிலத்தின் ‘நாட் ஒன்லி’யோ எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. ஓர் இடம் தள்ளி வைத்தாலும் நமக்கு உறைப்பதில்லை.

ஆனால் இனம் மாறினால் நம் காதுக்குத் தெரியாமல் போகாது. ‘அவளுக்குப் பாடவும் ஆட்டமும் தெரியும்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். ‘பாடவும் ஆடவும்’ அல்லது ‘பாட்டும் ஆட்டமும்’ என்று தானாகவே திருத்திக்கொள்வீர்கள். ‘ஷி லைக்ஸ் போத் சிங்கிங் அண்ட் டு டான்ஸ்’ என்பதில் இருப்பதும் அதே இடறல்தான்.

கேள்வி: இனம் பார்த்துத்தான் எழுதுகிறேன், அப்படியும் தப்பாகிறது. ‘ஷி இஸ் நோன் நாட் ஒன்லி ஃபார் ஹெர் பேஷன்ஸ் பட் ஆல்சோ ஹெர் ஸ்கில்.’ பேஷன்ஸும் பெயர், ஸ்கில்லும் பெயர். எங்கே கோளாறு?

‘ஃபார்’ என்ற சின்னச் சொல்லில். அது ‘நாட் ஒன்லி’யைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஒரு பக்கம் உள்ளே வந்தது மறுபக்கமும் வர வேண்டும்: ‘பட் ஆல்சோ ஃபார் ஹெர் ஸ்கில்.’ திரும்ப எழுதச் சோம்பலாக இருந்தால் அதை வெளியிலேயே நிறுத்துங்கள்: ‘ஷி இஸ் நோன் ஃபார் நாட் ஒன்லி ஹெர் பேஷன்ஸ் பட் ஆல்சோ ஹெர் ஸ்கில்.’ வெளியே நிற்கும் ஒரு ‘ஃபார்’ இரண்டு பேருக்கும் போதும்.

இதைப் பிடிக்க நான் செய்வது இது. ஜோடியின் முதல் சொல்லில் தொடங்கி இரண்டாவது சொல் முடியும் வரை பென்சிலால் அடித்துவிட்டு, மிச்சத்தைப் படிப்பேன். இங்கே மிஞ்சுவது ‘ஷி இஸ் நோன் ஹெர் ஸ்கில்’. பல்லிளிக்கிறது அல்லவா? முதல் கேள்வியின் வாக்கியத்தில் மிஞ்சுவது ‘ஹி த ரெஸ்பெக்ட்’. ‘தே ஆஸ்க்ட் அஸ் ஐதர் டு அக்ஸெப்ட் த ஆஃபர் ஆர் ரிஜெக்ட் இட்’ என்பதில் ‘தே ஆஸ்க்ட் அஸ் ரிஜெக்ட் இட்’. மூன்றும் மாட்டிக்கொண்டன.

தாள் போடுகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் இடையில் பஞ்சை அடைப்பார்கள். ‘ஃபார் ஹெர் பேஷன்ஸ்’ என்று நிறுத்தாமல், ‘ஃபார் ஹெர் பேஷன்ஸ் வித் சில்ட்ரன் ஹூ ஹாட் நெவர் ஹெல்ட் எ பென்சில்’ என்று இழுத்துவிட்டு, அப்புறம் ‘பட் ஆல்சோ’ வரும். அதற்குள் ‘ஃபார்’ நமக்கு மறந்துபோயிருக்கும். எவ்வளவு நீளமாக இருந்தாலும் மொத்தத்தையும் அடித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘சிங்கிங் அண்ட் டு டான்ஸ்’ இந்தப் பென்சில் சோதனையில் தப்பிவிடும். ‘ஷி லைக்ஸ் டு டான்ஸ்’ தனியாகப் பார்த்தால் சரியான வாக்கியம். அங்கே விரலை வைத்துப் பார்க்கும் முதல் சோதனைதான் கைகொடுக்கும்.

கேள்வி: ‘போத்’ போட்டுவிட்டு ‘ஆஸ் வெல் ஆஸ்’ எழுதலாமா?

கூடாது. போத்துக்கு அண்ட் மட்டும்தான் ஜோடி. அதேபோல் நைதருக்கு நார். ‘ஆர்’ போட்டால் மார்க் போகும்.

கேள்வி: ‘நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் அடுத்து ‘வாஸ்’ வருமா, ‘வேர்’ வருமா?

வினைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஸ்டூடன்ட்ஸ் இருப்பதால் ‘வேர்’. வரிசையை மாற்றி ‘நைதர் த ஸ்டூடன்ட்ஸ் நார் த டீச்சர்’ என்றால் ‘வாஸ்’. ஐதருக்கும் இதே கணக்கு. ‘த டீச்சர்’, ‘த ஸ்டூடன்ட்ஸ்’ என்று போத் – அண்ட் இரண்டு பேரைச் சேர்த்தால் எப்போதும் பன்மை.

கேள்வி: ‘நாட் ஒன்லி டிட் ஷி மிஸ் த டிரெயின், பட் ஷி ஆல்சோ லாஸ்ட் ஹெர் டிக்கெட்.’ முன்பக்கம் ‘டிட் ஷி’, பின்பக்கம் ‘ஷி லாஸ்ட்’. ஒத்துப்போகவில்லையே?

நல்ல கண் உங்களுக்கு. ஆனாலும் இது சரி. இரண்டு பக்கமும் எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியங்கள், ஆக இனம் ஒன்றுதான். எதிர்மறைப் பொருளுள்ள தொடர் முதலில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவும். ‘நெவர்’, ‘செல்டம்’ தொடங்கும் வாக்கியங்களிலும் இதையே பார்க்கலாம். பின்பக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

‘பட்’டும் ‘ஆல்சோ’வும் பிரிந்து நிற்பதிலும் தவறில்லை. ஏன், ‘ஆல்சோ’ இல்லாமலேகூட வரலாம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு நான் போட்ட ஒரு மாதிரித்தாளில் ‘நாட் ஒன்லி ஃபாஸ்ட் பட் சேஃப்’ என்ற விடையை, ‘ஆல்சோ’ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தவறு என்று வைத்திருந்தேன். ஒரு மாணவி ஒன்றும் பேசாமல் அகராதியைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்து வைத்தாள். 34 விடைத்தாள்களை மறுபடி எடுத்து ஆளுக்கு ஒரு மார்க் கூட்டினேன்.

கேள்வி: இதையெல்லாம் இப்போது தேர்வுகளில் கேட்கிறார்களா?

தேர்வைப் பொறுத்தது. மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வின் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியே கிடையாது. ஆனால் டோஃபல் ஐடிபி என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் முதல் நிலையில் வாக்கிய அமைப்புக்கென்றே 25 நிமிடத்தில் 40 கேள்விகள் இருக்கின்றன. உங்கள் தேர்வின் பாடத்திட்டத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கட்டுரை எழுதச் சொல்லும் தேர்வு என்றால் எப்படியும் இது வேண்டும்.

கேள்வி: நீங்கள் ‘ஐதர்’ என்றே எழுதுகிறீர்கள். என் ஆசிரியர் ‘ஈதர்’ என்பார். எது சரி?

இரண்டும் சரி. பிரிட்டிஷ் வழக்கில் ஐதர் அதிகம், அமெரிக்க வழக்கில் ஈதர் அதிகம். ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.