கல்லூரியின் வயது பல்கலைக்கழகத்துக்கு ஆகுமா?

கேள்வி: 2013இல் தொடங்கிய தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு 1850 முதல் வரலாறு உண்டு என்று சிலர் எழுதுகிறார்களே, சரியா?

பதில்: சரியன்று. 1850 என்பது அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கிய ஆண்டு. பின்னர் அரசு ஏற்று நடத்திய அந்தப் பள்ளிதான், இப்பல்கலைக்கழகத்தின்கீழ் வரும் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் வயதை எடுத்து, சட்டமன்றம் 2013இல் இயற்றிய சட்டத்தால் பிறந்த பல்கலைக்கழகத்துக்குச் சூட்டுவது முறையாகாது.

பெருமை பேசுவோர் அந்தப் பள்ளியின் வரலாற்றையாவது முழுமையாகச் சொல்லலாம். தொடக்கத்தில் ஓவியத்தைவிடக் கைத்தொழிலுக்கே அங்கு மதிப்பு இருந்தது. 1898இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையை நடத்தியது அதன் பட்டறையில்தான். நம் அடுக்களைகளுக்கு அந்த உலோகம் வந்த வழிகளுள் அதுவும் ஒன்று. 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைமை ஏற்ற பிறகே ஓவியமும் சிற்பமும் அங்கே முன்னுக்கு வந்தன. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவரை அடுத்து முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், படிப்பு முடித்த ஓவியர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிடும் நிலையைக் கண்டு, அவர்கள் பாத்திக் (batik) முறையில், அதாவது மெழுகு பூசித் துணிகளுக்குச் சாயமிட்டு விற்ற பணத்தைக் கொண்டு நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாக வழிகாட்டினார். அது கல்லூரிச் சுவருக்கு வெளியே நடந்த வேலை.

இசை வந்த வாசலே வேறு. 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரி, பின்னர் அடையாற்றங்கரையின் பிராடி மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. மாமல்லபுரத்தின் சிற்பப் பயிற்சி 1957இல் தனியாகத் தொடங்கியது. ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வளர்ந்த கல்லூரிகளை 2013இன் சட்டம் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது. 1850 என்று மட்டும் எழுதுவோர் இசையையும் சிற்பத்தையும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்கே உரிய சிறப்பு வேறொன்று. இங்கே ஆளுநர் வேந்தர் அல்லர், முதலமைச்சரே வேந்தர். ஜெயலலிதா ஆட்சியில் வந்த இந்த ஏற்பாட்டை, 2023 பட்டமளிப்பு விழாவில் பாடகி பி. சுசீலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிய மு.க. ஸ்டாலின் மேடையிலேயே பாராட்டினார்.