பிறப்புக் குடியுரிமை, ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டல்லாஸில் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறேன். மனைவிக்கு ஏழாம் மாதம். அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை என்பதைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் போட்ட ஆணை எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளையும் குறிவைத்தது. ஊரிலிருக்கும் நண்பனிடம் புலம்பினேன். "வேலைக்குப் போனவன் பிள்ளைக்கு எதற்குக் குடியுரிமை? நம் நாடே 1987இல் அதை நிறுத்திவிட்டதே" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

டல்லாஸ் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரசவம் நல்லபடியாக ஆகட்டும்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் 1868இல் வந்தது. கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் துடைத்துப்போட வந்த திருத்தம் அது. அங்கே பிறந்து, அந்நாட்டின் 'அதிகார வரம்புக்கு உட்பட்ட' எல்லோரும் குடிமக்கள் என்கிறது. சண்டை முழுக்க அந்தச் சொற்களைப் பற்றித்தான். நீங்கள் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனால் டல்லாஸ் போலீஸ் உங்களுக்கு அபராதம் போடும். வெளிநாட்டுத் தூதர்மேல் அப்படி வழக்குப் போட முடியாது. அதனால்தான் தூதரின் பிள்ளைக்கு விலக்கு. விசா எத்தனை வருடத்துக்கு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் 1873இல் சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனாவுக்குப் போய் 1895 ஆகஸ்டில் திரும்பினார். அவர் அமெரிக்காவில் பிறந்தவர்தான் என்று மூன்று வெள்ளையர்கள் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. அப்படியும் இறங்க விடவில்லை. ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, ஏறக்குறைய ஐந்து மாதம் துறைமுகத்திலேயே வைத்திருந்தார்கள். பிறந்த ஊர் எதிரே தெரிகிறது, கால் வைக்க முடியாது. சீனர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று சட்டமே இருந்த காலம். அப்பா அம்மா குடிமக்களாக முடியாவிட்டாலும் பிள்ளை குடிமகன்தான் என்று 1898இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு இரண்டு என்று தீர்ப்பானது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு பிடி இருக்கிறது. அவருடைய பெற்றோர் 'நிரந்தரமாக வசித்தவர்கள்' என்று அந்தத் தீர்ப்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் திருத்தத்தின் வாசகத்தில் பெற்றோரைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. என் மனம் அந்த வாசகத்தின் பக்கம்தான்.

சரி, நம் நாட்டுக் கதைக்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னது உண்மை. 1987 ஜூலை 1 முதல், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஈழ அகதிப் பெண் ஒருவருக்கு, பிறப்பாலேயே இந்தியர் என்று, பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே முகாமில் 1987 ஆகஸ்டில் அகதித் தாய் தந்தைக்குப் பிறந்த குழந்தைக்கு அந்த வழி இல்லை. அதே கொட்டகை, அதே பள்ளிக்கூடம். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது குழந்தைக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது.

அப்புறம் ஒன்று. ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவுப் படிவம் தருவார்கள். உங்கள் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், இனிஷியல் உட்பட.

அன்புடன்.