காலைக் கடலில் கயாக்: அலையைவிடக் காற்றைப் பாருங்கள்

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். எனக்கு வயது 46, மனைவிக்கு 41. இருவருக்கும் ஊருணியில் பழகிய நீச்சல் உண்டு. தொண்டிப் பக்கம் ஒருநாள் காலையில் நிதானமாகக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) ஓட்ட ஆசை. அங்கே கடல் குளம்போல் கிடக்கும் என்கிறார்கள். எப்போது போகலாம், எவ்வளவு தூரம்?

பதில்: குளம்போல் கிடக்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். தொண்டியை ஒட்டிய பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. ராமேசுவரம் பக்கம், அமைதியாகக் கிடக்கும் இதைப் பெண் கடல் என்றும் அலை மிகுந்த மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தொண்டிக் கரை கிழக்குப் பார்த்தது. மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது கரையோரத்தில் அலையே எழாது. ஐந்நூறு மீட்டர் உள்ளே போன பிறகுதான் தண்ணீர் சிலிர்ப்பது தெரியும். அதற்குள் காற்று உங்களை வெளியே தள்ளத் தொடங்கியிருக்கும். புதியவரின் வேகம் மணிக்கு 3, 4 கி.மீ.தான். எதிர்க்காற்று 20 கி.மீ. ஆகிவிட்டால், கை ஓயத் துடுப்புப் போட்டாலும் கரை நெருங்காது.

அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையும் மழையும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதிவரை நல்ல காலம். விடிந்ததும் இறங்கி, ஒன்பது மணிக்குள் கரையேறிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று பலப்படும். முன்னறிவிப்பில் காற்று 15 கி.மீ.க்கு மேல் என்றால் அன்று போகாதீர்கள்.

கரையை விட்டு விலகாமல், இடுப்பளவு தண்ணீரிலேயே கரைக்கு இணையாகப் போங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போக வேண்டும். தென்காற்று என்றால் தெற்கே போய், களைத்த கையோடு திரும்பும்போது காற்றின் உதவியோடு வரலாம். போக ஒன்றரை கி.மீ., வர ஒன்றரை கி.மீ.; முதல் நாளுக்கு அது போதும். வலை மிதவை தெரிந்தால் மேலே ஏறிப் போகாமல் சுற்றிப் போங்கள். துடுப்பு சிக்கினால் உங்களுக்கும் ஆபத்து, வலைக்காரருக்கும் நட்டம்.

உள்ளே கால் நீட்டி உட்காரும் கயாக் கவிழ்ந்தால் தண்ணீர் நிறைந்துவிடும். அதைக் காலி செய்யத் தனிப் பயிற்சி வேண்டும். உங்களுக்கு ஏற்றது, மேலே உட்காரும் வகை. அதன் உள்கூட்டுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பான்கள் இறுகியிருக்கின்றனவா என்று இறங்கும் முன் பாருங்கள். கவிழ்ந்தால் துடுப்பையும் கயாக்கையும் விடாதீர்கள். கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டில் இருந்தபடி இரு விளிம்பையும் பிடியுங்கள். உடம்பைத் தண்ணீரில் நீட்டிக் காலை உதைத்து, வயிறு குறுக்கே படும்படி ஏறுங்கள். பிறகு புரண்டு உட்கார்ந்து, காலை உள்ளே எடுங்கள். நின்ற நிலையில் தொங்கி ஏறப் பார்த்தால் கயாக் மறுபடி உங்கள்மேல் கவிழும். பலர் தோற்பது இங்கேதான். இடுப்பளவு நீரில் ஆளுக்கு ஐந்து முறை ஏறிப் பழகாமல் புறப்படாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையை மேலே இழுத்துப் பாருங்கள். முகவாய்வரை வந்தால் அது பெரிய அளவு. துடுப்பைப் பாதத்தருகே இறக்கி இடுப்பருகே எடுங்கள். கையால் மட்டும் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பினால் தோள் வலிக்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், விசில், நீர்புகாப் பையில் போன். ஆபத்தில் அழைக்க: தமிழகக் கடலோரப் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்வற்றம் கூடுதல். திரும்பும் நேரம் வற்றமாக இருந்தால் சேற்றில் இறங்கி இழுக்க வேண்டிவரும், கடற்புல்லும் கிழியும். வார் வைத்த செருப்போடு, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும்.

முதல் தடவை தனியாக இறங்குவதைவிட, தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டுக்குப் போவது நல்லது. அங்கே வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் விடுகிறார்கள். மரங்களின் மறைவில் காற்று குறைவு. துடுப்பு கைக்குப் பழகிய பிறகு திறந்த கடலுக்கு வாருங்கள்.