கள்ளுக்கடையைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒயின் தோட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் படிக்கும் மகனின் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் கணவரும் மாமியாரும் போகிறோம். விழா முடிந்ததும் வாடகைக் காரில் மார்கரெட் ரிவர் வரை போய், வழியில் ஒரு சிறிய ஒயின் தோட்டத்தில் இறங்கிச் சுவைத்துப் பார்க்கலாம் என்கிறான் மகன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சம்பள நாளில் அப்பா கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் வரை அம்மா லயத்து வாசலில் காத்துக் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குக் குடும்பத்தோடு போவது முறையா? குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை? எதையாவது வாங்கித்தான் ஆகவேண்டுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, உங்கள் தயக்கம் நியாயமானது. தோட்டத்துக் கள்ளுக்கடை, பாட்டாளியின் கையில் கொடுத்த கூலியை அன்றைக்கே திரும்பப் பிடுங்கிக்கொண்ட இடம். அதனால்தான் 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். பின்னால் சம்சு என்னும் மலிவுச் சாராயம் வந்து எத்தனை குடும்பங்களைச் சாய்த்தது என்பது உங்களுக்கும் தெரியும். அந்த நினைவோடு ஒருவர், மதுவின் பக்கமே போகமாட்டேன் என்றால், மனத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மகன் சொல்லும் இடம் வேறு வகையானது. ஆஸ்திரேலியாவில் ‘செல்லார் டோர்’ என்று அழைக்கப்படும் அந்தச் சுவைக்கூடம், கொடி வளர்த்துப் பழம் பறித்து மது செய்தவர்கள் தங்கள் விளைச்சலை வருவோருக்குக் காட்டும் இடம். சிறிய தோட்டமென்றால், ஊற்றித் தருபவரே கொடியைக் கவாத்து செய்தவராகவும் இருப்பதுண்டு. ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான் ஊற்றுவார்கள். முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு, கடைசியில் இனிப்பு என்று வரிசையாக வரும். கிளாசைச் சாய்த்து நிறம் பார்த்து, மெல்லச் சுழற்றி முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிவிட்டு, மேசைமேல் இருக்கும் குவளையில் துப்பிவிடலாம். துப்புவதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக எண்ணுவதில்லை. குவளையை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

பெர்த்துக்கு அருகே ஸ்வான் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு தோட்டத்துக்கு நான் போயிருந்தபோது, கிளாசைவிட வெளியே இருந்த நிரைகளைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்மரத்துக்கு நிரை பிடித்ததைப் போலவே கொடிகள் நேர்கோட்டில் ஓடின. சில நிரைகளின் முனையில் ரோஜாச் செடி நின்றது. பூஞ்சணம் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியும் என்பதற்காக அந்தக் காலத்தில் வைத்த பழக்கம் அது என்றார் தோட்டத்து அம்மையார். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன அவருடைய கட்டைவிரலைக் கண்டதும், பால்வெட்டுக் கத்தி பிடித்த என் தாயாரின் விரல்தான் என் கண்முன் வந்தது. ஆகவே மாமியாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த மாதத்தில் கவாத்து, ஒரு நிரைக்கு எத்தனை ஆள், மழை தவறினால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கும் கேள்விகளுக்கு அங்கே மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். குடிக்காதவர்களுக்கு அங்கே இதுவே போதிய வேலை.

காரை ஓட்டப்போவது யார் என்பதைக் காலையில் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். அவர் அன்று ஒரு மிடறுகூட விழுங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே முழு உரிமம் உள்ளவருக்கு வரம்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காட்டு ஆல்கஹால். 2020 அக்டோபர் முதல் நம் மலேசியாவிலும் அதே அளவுதான். அங்கே புதிதாக உரிமம் பெற்றுப் பி பலகையோடு ஓட்டுபவருக்கோ ஒரு துளிக்கும் இடமில்லை. ஆறு மாதிரிகளை விழுங்கினால் 180 மில்லிலிட்டர். பத்து கிராம் ஆல்கஹாலை ஓர் அளவாக வைக்கும் ஆஸ்திரேலியக் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டு அளவு. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதால் ஏறுவது தெரியாது.

மார்கரெட் ரிவர், பெர்த்திலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர். நிற்காமல் போனாலே மூன்று மணி நேரம் ஆகும். வயதானவரை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வேண்டாம் என்று நினைத்தால், ஸ்வான் பள்ளத்தாக்கு அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. 32 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் தோட்டங்கள் அடுத்தடுத்து வரும். எங்கே போனாலும் மாலை ஐந்து மணிவாக்கில் பெரும்பாலும் கதவை அடைத்துவிடுவார்கள். அந்தி நேரத்தில் கங்காருகள் சாலைக்கு வரும் என்பதால் அதற்குமுன் திரும்பிவிடுவது நல்லது.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல இடங்களில் சுவைப்பதற்குக் கட்டணம் உண்டு. போத்தல் வாங்கினால் சிலர் அதைக் கழித்துக்கொள்வார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நானும் பெர்த்துக்குப் போகிறேன். அங்கே படிக்கும் என் மகளுக்கு வயது 19. அவள் சுவைக்கலாமா? திரும்பும்போது எத்தனை போத்தல் கொண்டுவரலாம்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஆஸ்திரேலியாவில் 18 வயது நிரம்பியவருக்குச் சட்டத் தடை இல்லை. நம் நாட்டில் 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்பதை அவளிடம் சொல்லி வையுங்கள். தீர்வையில்லாமல் நீங்கள் கொண்டுவரக்கூடியது ஒரு லிட்டர். போத்தல் 750 மில்லிலிட்டர் என்பதால் ஒன்றுதான். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.