கேமராவை விட்டுவிட்டு மற்றதைப் பற்றிக் கேளுங்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து சில பதில்கள்

பதினெட்டு வருடமாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கேமரா வேலை செய்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, தோட்டத்து மனிதர்களைப் பற்றிய சின்னச் சின்ன ஆவணப்படங்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் படமெடுக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள், சாதனம் வாங்குவது பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். என்னால் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, கையில் 8,000 வெள்ளி இருக்கிறது. எந்த கேமரா வாங்கலாம்?

கேமராவுக்கு அதில் பாதிக்கு மேல் போடாதே தம்பி. மிச்சப் பணத்தில் ஒரு நல்ல லென்ஸ், மைக், ட்ரைபாட், மூன்று பேட்டரி, இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டியிருக்கும். இவை இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது.

கேமராவில் நான் பார்ப்பது மூன்று விஷயம். இரண்டு கார்டு போட இடம் இருக்க வேண்டும். வெயிலில் சூடேறி நின்றுவிடக் கூடாது. 10 பிட்டில் பதிவு செய்ய வேண்டும். 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 10 பிட்டில் 1,024. செம்பனைக்குப் பின்னால் இறங்கும் சாயங்கால வானத்தை 8 பிட்டில் எடுத்து, நிறத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார். வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும்.

2017இல் வந்த பானசோனிக் ஜிஎச்5 பழையதாகக் கிடைத்தால் இன்றும் உழைக்கும். இரண்டு கார்டு, 10 பிட், நேர வரம்பில்லாத பதிவு எல்லாம் அதில் உண்டு. வீடியோவில் ஆட்டோ ஃபோகஸை மட்டும் நம்பாதே, கையால் ஃபோகஸ் செய்யப் பழகிக்கொள். பின்னால் வசதி வந்தால் 2022இல் வந்த சோனி எஃப்எக்ஸ்30 பக்கம் போகலாம். அதில் சூட்டைத் தணிக்க உள்ளேயே விசிறி இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் அதற்கேற்ப வினாடிக்கு 100 முறை துடிக்கும். உன் கேமரா வினாடிக்கு 30 ஃபிரேம் (படம்), ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/60 வினாடி என்ற அமைப்பில் இருக்கும். அது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. மெனுவில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுத்து, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வை. மண்டப விளக்குகளில் பெரும்பாலும் கோடு மறைந்துவிடும். எல்இடி விளம்பரப் பலகை, மேடை விளக்கு போன்றவை சொந்தக் கணக்கில் துடிக்கும். அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்து அதே 1/50இல் எடுத்தால் படம் வெளுத்துப் போகும். அதற்கு ஒரு நல்ல என்டி ஃபில்டர் வாங்கு. லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவது போலத்தான். மலிவானது படத்தின் நிறத்தையே மாற்றிவிடும், அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எந்த மைக் நல்லது அண்ணே? கேமராவில் இருப்பது போதாதா?

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆரம்ப காலத்தில், ஐம்பது வருடம் ரப்பர் மரம் சீவிய ஒரு பாட்டியைப் பேட்டி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். லயத்தில் பிறந்தது, பதின்மூன்று வயதில் வாளி தூக்கியது, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடியது எல்லாம் சொன்னார். நான் ஹெட்போன் போடவில்லை. மைக் வயர் தளர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசியும் கரகரப்பு. திரும்பப் போவதற்குள் பாட்டி படுத்துவிட்டார், அப்புறம் எழவில்லை. அவர் முகம் தெளிவாக என்னிடம் இருக்கிறது, சொன்ன கதை இல்லை. அன்றிலிருந்து ஹெட்போன் இல்லாமல் நான் ரெக்கார்ட் பட்டனைத் தொடுவதில்லை.

முதலில் வாங்க வேண்டியது காதை முழுதாக மூடும் ஹெட்போன். அடுத்தது சட்டையில் குத்தும் வயர் மைக். வயர்லெஸ் வாங்கினால், அனுப்பும் கருவிக்குள்ளேயே தனியாகப் பதிவாகிறதா என்று பார்த்து வாங்கு. இந்த மைக்குகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, கைப்பேசிகளின் வைஃபையும் அங்கேதான். ஆயிரம் பேர் கூடிய இடத்தில் சிக்னல் அறுந்தாலும், உள்ளே பதிவானது காப்பாற்றும்.

உறுமி மேளம் எடுக்கிறவர்களுக்கு 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்யும் ரெக்கார்டர் பெரிய உதவி. ஜூம் எஃப்3 போன்றவை. மேளம் திடீரென்று ஓங்கினாலும் ரெக்கார்டரில் ஒலி உடையாது, பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தம் என்றால் இதனாலும் பயனில்லை, மேளத்திலிருந்து தள்ளி நில். சாதாரண ரெக்கார்டர் என்றால், பேச்சின் உச்சம் அதன் மீட்டரில் −12 டெசிபல் பக்கத்தில் நிற்கும்படி வை. தகரக் கூரை வீட்டில் மழை பிடித்தால் மட்டும் எந்த மைக்கும் உதவாது. அந்த நேரம் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ தெரிகிறது.

பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மின்சார டிரை பாக்ஸ் வாங்கி 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வை. அதற்குப் பணம் இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி போதும். துணிப்பையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் வைக்காதே. பழைய லென்ஸ் வாங்கப் போனால் கையில் டார்ச் இருக்கட்டும். ஒரு பக்கம் வெளிச்சம் அடித்து மறுபக்கம் பார்த்தால் தெரிந்துவிடும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகிறோம். எத்தனை பேட்டரி வேண்டும்?

கணக்குப் போட்டு வருவதைவிட இரண்டு கூடுதலாக. ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டு. சீக்கிரம் இறங்குவது எது என்று அப்போதுதான் பிடிபடும். யுஎஸ்பி-சி வழியாக மின்சாரம் வாங்கி ஓடும் கேமரா என்றால் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று நல்ல துணை. அது ஏறக்குறைய 74 வாட் மணி. 100க்குள் இருப்பதால் விமானத்தில் கைப்பையில் கொண்டு போகலாம்.

கார்டுக் கணக்கும் பார்த்துக்கொள். 100 எம்பிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஐந்து மணி நேரக் காவடிக்கு 225 ஜிபி. இந்த வேகத்துக்கு வி30 என்ற வேகக் குறி போட்ட கார்டு தாராளம், வி90 என்று காசை விடாதே. வீடு வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல், அதில் ஒன்று வேறு வீட்டில். இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: என்னிடம் பழைய ட்ரைபாட் இருக்கிறது. அதுவே போதுமா?

ஐயா, கால்கள் உறுதியாக நின்றால் போதும். தலையை மட்டும் வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், திருப்பும்போது வெட்டி வெட்டிப் போகாது. கேமரா நாலைந்து வருடத்தில் பழசாகும். நல்ல ட்ரைபாட் உங்கள் பேரன் காலத்திலும் நிற்கும்.

ட்ரோன், கிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி)?

இப்போது வேண்டாம். தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடு. ட்ரோனை வைத்துத் தொழில் செய்ய அனுமதி வாங்க வேண்டும், அதை வைத்திருப்பவரையே கூப்பிடு.

விடியுமுன் மரம் சீவுவதை எடுக்க ஆசை. லைட் கொண்டு போகணுமா?

வேண்டாம். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும், அவர்கள் நேரத்தோடு ஓடுகிறவர்கள். நாம் லைட் நட்டு வேலையைக் கெடுக்கக் கூடாது. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்கு. எஃப்/4 லென்ஸைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அவர்கள் தலைவிளக்கு மரப்பட்டையில் பட்டுத் திரும்பி முகத்தில் விழுமே, அந்த வெளிச்சம் போதும். அதைவிட அழகான விளக்கை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அண்ணே, என் தாத்தாவுக்கு 88 வயது. அவர் கதையைப் பதிவு செய்யணும். போன் மட்டும்தான் இருக்கு. கேமரா வாங்கும்வரை காத்திருக்கவா?

காத்திருக்காதே தங்கச்சி. போனில் குத்துகிற வயர் மைக் ஒன்று வாங்கு, இந்த வாரமே உட்கார். தாத்தாவை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார வை. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு எதன்மேலாவது அசையாமல் நிறுத்து. திரையில் அவர் முகத்தைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் லாக் செய். காற்றாடியை நிறுத்து. முதலில் ஒரு நிமிடம் பேச விட்டுப் பதிவு செய்து, அதைக் காதில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கு. முடிந்ததும் நகல் எடுத்துவிட்டு எனக்கும் ஒரு துண்டு அனுப்பு. ஒலி சரியாக வந்திருக்கிறதா என்று நானும் ஒருமுறை கேட்கிறேன்.