வெள்ளிக்கிழமை சண்டை, சனிக்கிழமை வெளிய: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவுல மினசோட்டா பக்கம் படிக்கிறான், கூட தங்கியிருக்க பையன் காலேஜ் ஐஸ் ஹாக்கி டீம்ல ஆடுறவன். வெள்ளிக்கிழமை மேட்ச்ல கைகலப்பாகி வெளிய அனுப்பிட்டாங்களாம், சனிக்கிழமையும் விடலையாம். இனி அவனுக்கு ஆடுற தகுதியே போயிருமாண்ணே?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: போகாதும்மா, தைரியமா இருக்கச் சொல்லுங்க. ஒரு மேட்ச் வெளிய உக்காருறது வேற, காலேஜுக்கு ஆடுற தகுதி வேற. அந்தத் தகுதி படிப்பு, மார்க்கு, எத்தனை சீசன் ஆடியாச்சுங்கிறதைப் பொறுத்தது, ஒரு சண்டையில அது போயிராது.

நம்ம மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்துல 2025ல ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி மேட்ச் நடந்தப்ப பாத்திருப்பீங்க, பச்சை அட்டைன்னா 2 நிமிஷம், மஞ்சள்னா குறைஞ்சது 5 நிமிஷம், சிவப்புன்னா அந்த மேட்ச் அவ்ளோதான். ஐஸ்லயும் சின்ன தப்புக்கு மைனர்னு 2 நிமிஷம், எதிர் டீம் கோல் போட்டுட்டா அதுக்கு முன்னாடியே உள்ள வந்துரலாம், ஆனா மேஜர்னா 5 நிமிஷம், எத்தனை கோல் விழுந்தாலும் முழுசா ஒரு ஆள் குறைவாத்தான் ஆடணும். இதுக்கு மேல ரெண்டு இருக்கு, அங்கதான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க. கேம் மிஸ்காண்டக்ட் ஒண்ணு வாங்கினா அந்த மேட்ச்ல மிச்சம் ஆட முடியாது, அடுத்ததுக்கு வந்துரலாம். டிஸ்குவாலிஃபிகேஷன் அப்பிடி இல்ல, அடுத்த மேட்ச்சும் தன்னால போயிரும். சண்டை போட்டா இதுதான் விழும். காலேஜ் மேட்ச் பெரும்பாலும் வெள்ளி, சனின்னு அடுத்தடுத்து வரும்ங்கிறதால வெள்ளிக்கிழமை ராத்திரி கை நீட்டினவன் மறுநாளே வெளிய உக்காந்திருப்பான்.

அவன் கவனிக்க வேண்டியது இனிமேத்தான். அதே சீசன்ல ரெண்டாவது தடவை டிஸ்குவாலிஃபிகேஷன் வாங்கினா ரெண்டு மேட்ச், மூணாவதுக்கு மூணு மேட்ச்னு ஏறிக்கிட்டே போகும்.

கேள்வி: டிவியில என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி பாக்கேன், சண்டை போட்டவன் 5 நிமிஷத்துல திரும்ப வந்துர்றானே, காலேஜ்ல மட்டும் ஏன் இம்புட்டு கறார்?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: அது சம்பளத்துக்கு ஆடுற லீக், அங்க சண்டைக்கு மேஜர்தான், முடிஞ்சதும் ஆடலாம். இங்க ஆடுறது படிக்கிற பிள்ளைங்க, திங்கக்கிழமை கிளாஸ்ல உக்காரணும், தலையில அடிபட்டா அந்தப் பெத்தவங்க கதி என்ன? என்னைக் கேட்டா காலேஜ் பக்கம் வச்சிருக்க விதிதான் சரி. 5 நிமிஷம்னா ஒருத்தன் துணிஞ்சு அடிச்சிருவான், அடுத்த மேட்ச்சே போகும்னா கோச்சே பிடிச்சு நிறுத்துவாரு.