தேதி கடந்தும் பிரசவ வலி வரவில்லை. மருந்து கொடுத்து வலி வரவழைக்க வேண்டும் என்கிறார்களே, ஏன், எப்படி?

மருத்துவர் குறித்துத் தந்த தேதி 40 வாரம் நிறைவடையும் நாள் மட்டுமே. 37 முதல் 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வலி தொடங்கலாம் என்பதால், ஓரிரு நாள் தள்ளிப்போனதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் 41 வாரம் முடிந்தபின் நஞ்சுக்கொடியின் செயல்திறன் குறையக்கூடும் என்பதால், அந்தக் கட்டத்தில் வலியை வரவழைக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உயர் ரத்த அழுத்தம் இருந்தாலோ, வலிக்கு முன்பே பனிக்குடம் உடைந்தாலோ இன்னும் முன்னதாகவே முடிவெடுப்பார்கள்.

எந்த முறை என்பதைக் கருப்பை வாயின் நிலையே தீர்மானிக்கிறது. அது தடித்து மூடியிருந்தால் முதலில் இளகச் செய்ய வேண்டும்: புராஸ்டாகிளாண்டின் ஜெல் வைப்பார்கள், அல்லது மிசோபுரோஸ்டால் 25 மைக்ரோகிராம் கொடுப்பார்கள், அல்லது ஃபோலி குழாயைக் கருப்பை வாய் வழியே செலுத்தி அதன் நுனியிலுள்ள பலூனை நீரால் உப்பச் செய்வார்கள். வாய் இளகிய பிறகே, கருப்பையைச் சுருங்கவைத்து வலியை உண்டாக்கும் ஆக்ஸிடோசின் டிரிப்ஸ். சொட்டுகளைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பத்து நிமிடத்துக்கு மூன்று நான்கு வலி வரும் அளவில் நிறுத்திக்கொண்டு, குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பார்கள். முதல் பிரசவமானால் இவையெல்லாம் ஒரு நாளுக்கு மேலும் இழுக்கலாம். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு, பழைய தையல் விட்டுக் கருப்பை கிழியும் ஆபத்து இருப்பதால், மிசோபுரோஸ்டாலைத் தவிர்ப்பார்கள். வீட்டில் விளக்கெண்ணெய் குடித்துப் பார்க்க வேண்டாம். பேதியும் நீரிழப்பும்தான் மிஞ்சும். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குட நீர் பச்சையாகத் தெரிந்தாலோ, குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.